கண் வைத்தவள்

மூக்குக்கண்ணாடியைத்தான்
முதலில் எடுக்கச் சொன்னார் அபீலியு முதலாளி.
"கீழ்த்திசைக்காரன் கண்ணாடி போட்டால்
தபாலாபீஸ் குமாஸ்தா மாதிரி இருக்கிறான், தெயோலிந்தா.
எவன் வாங்குவான்?"

எடுப்பது எளிது.
கத்தி முனையால் தகட்டைச் சுரண்டினால்
கம்பி போகும், காதோரக் கொக்கி போகும்.
ஆனால் அந்த இரண்டு சில்லுகளிலும்
விளக்கு வெளிச்சம் தெறித்து உறைந்திருந்தது.
அதையும் சுரண்டி முடித்தபோது
முகத்தில் இரண்டு குழிகள்.

அந்த ஆளை நான் பார்த்ததில்லை.
போர்த்தோவில் அந்த வருடம் காலனிக் கண்காட்சி.
தோட்டத்தில் பலகையும் சாந்தும் வைத்து
'மக்காவ் வீதி' ஒன்றைக் கட்டினார்கள்.
அதில் உட்கார்வதற்காகக் கப்பலேறி வந்தவன்.
கையில் அபினிக்குழாய்.
குழாய் எங்கள் கடையுடையது,
போன கார்னிவலுக்கு மொராக்கோ சுல்தானாக நின்ற
ரொட்டிக்கடைக்காரரும் அதைத்தான் பிடித்திருந்தார்.

கண் எப்படி வைப்பது?
முதலாளி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையை விரித்தார்.
பாதி மூடியது. ஓரம் ஏறியது.
எதையும் கணக்குப் பார்க்காதது.
அப்படியே வைத்தேன்.
மூன்று மயிர்த் தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டால்
மணி அடிப்பதற்குள் ஒரு ஜோடி.
பிறகு அட்டை அட்டையாக வண்ணம்:
அங்கிக்கு மஞ்சள், விளக்குக்குச் சிவப்பு,
பின்னால், கேட்டதற்காக, ஒரு மலை.
அடியில் அச்சில்: கீழ்த்திசைக் கனவு.
ஆயிரத்து இருநூறு அட்டை.
நூற்றுக்கு இரண்டரை எஸ்குடோ.

புதன்கிழமை, நல்ல மழை.
நனைந்த தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு
ஒருவன் உள்ளே வந்தான்.
என்னைவிடத் திருத்தமான போர்த்துகீசு,
வினைமுற்று ஒன்றுகூடப் பிசகவில்லை.
"பெயர் லோ காம் செங். அச்சுக்கோப்பவன்.
வீதியில் ஏழாம் எண் கடையில் உட்காருகிறேன்.
படம் எடுத்தீர்கள்.
தங்கைக்கு அனுப்ப ஒன்று வேண்டும்."

கொடுத்தேன்.
கிட்டே வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியால் மழையைத் துடைத்தான்.
அப்போதுதான் பார்த்தேன்.
வட்டக் கண்கள். ஈயத்தூளில் சிவந்து,
தலைகீழ் எழுத்தைப் படித்துப் படித்து
சற்றே முன்தள்ளியவை.
இடது இமையில் ஒரு மரு.

"இது நானில்லை" என்றான், பணிவாக.
அட்டையைத் திருப்பித் தருமுன் விரலால் தொட்டான்:
"'கீழ்த்திசை'யில் ஓர் எழுத்தைக்
கவிழ்த்துக் கோத்திருக்கிறார்கள்."
ஆயிரத்து இருநூறு தடவை
என் கைக்குக் கீழே கிடந்த எழுத்து.

பெட்டியைக் கவிழ்த்து அவனோடு நானும் தேடினேன்.
அவன் இல்லாத இடத்தில்
அவனைத் தேடுவதுபோல் நடித்தேன்.
ஒட்டகம், பனைமரம்,
கினி தேசத்துப் பெண்கள், ஏரிக்கரையில், குளிரில்.
அவர்கள் தோளில் கிடந்த கம்பளியை
அழித்ததும் நான்தான்.

மேல்தட்டுக்குப் போனது அவன் பார்வை.
'மின்யோ மணப்பெண்.'
கழுத்து நிறையத் தங்கம், இடுப்பில் கை.
பதினாறு வயதில் என்னை நிறுத்தி எடுத்தது.
நான் ரிபெய்ரா மீன்காரி மகள்,
மின்யோவை ரயிலிலிருந்துகூடப் பார்த்ததில்லை.
தங்கம் அடகுக்கடையில் ஒரு மணி நேரத்துக்கு வாங்கியது.
பல் இரண்டு முதலாளி வரைந்தது.

அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இது நீங்களா?"
"இல்லை" என்றேன்.

"இதையே கொடுங்கள்" என்றான்.
"இந்த ஊர்ப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று
கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள்."
நகையில் ஈரம் படாமல் சுற்றித் தரச் சொன்னான்.
இரட்டைத் தாளில் சுற்றினேன்.
மீதி முப்பது சென்டாவோ.
எண்ணி வாங்கிக்கொண்டான்.